அடகு நகையை இனிமேல் 'புதுப்பிக்க' வேண்டாம்

கேள்வி: நாகர்கோவிலில் கடைத்தெருப் பக்கம் பழைய வணிக வளாகம் ஒன்றின் மாடிகளை வீடுகளாக மாற்றி விற்றார்கள். அதில் ஒரு ஃப்ளாட் வாங்கினோம். கடன் 24 லட்சம், மாதத் தவணை 20,800. இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு 58,000 வருகிறது. ஆனாலும் மாதக் கடைசியில் திண்டாட்டம். 6 பவுன் அடகில் இருக்கிறது. வருஷா வருஷம் புதுப்பித்து விடுகிறோம். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கடை வைத்திருக்கும் கொழுந்தன், மேலே ஒற்றை அறை ஒன்று 14 லட்சத்துக்கு வருகிறது, மாதம் 9,000 வாடகைக்கு பில்டரே உறுதி தருகிறார், சேர்ந்து வாங்கலாம் என்கிறார். வாங்கலாமா? இல்லை, இருக்கிற வீட்டையும் விற்றுவிட்டு ஊருக்கே போய்விடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம், சகோதரி. தவணை உங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கும் கொஞ்சமும்தான். அது தாங்கும். வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் நடந்தே போய்விடுகிறோம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டை ஏன் விற்க வேண்டும்?

"புதுப்பித்து விடுகிறோம்" என்று போகிற போக்கில் எழுதினீர்களே, ஓட்டை அங்கேதான். நீங்கள் அனுப்பிய ரசீதுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். முதலில் 1,20,000. தங்கம் விலை ஏறியதும் அதே நகைக்கு 2,20,000. இப்போது 3,60,000. ஒவ்வொரு தடவையும் பழைய வட்டியைப் புதுக் கடனிலேயே கழித்துவிட்டு, மிச்சத்தில் பெரும்பகுதி கொழுந்தனின் சரக்குக்குப் போயிருக்கிறது. விலை ஏறிய லாபம் உங்களுக்கு வரவில்லை, கடனாக மாறிவிட்டது. 18 சதவீத வட்டி என்றால் வருஷத்துக்கு 64,800, மாதத்துக்கு 5,400. கையிலிருந்து கட்டாததால் வலி தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்த நகையில் ஒரு பகுதியை விற்றுக் கடனை அடைத்துவிடுங்கள். விற்கிற நாளின் விலையைப் பொறுத்து நாலு பவுன் வரை போகலாம், மீதி மிஞ்சும். மகள் கல்யாணத்துக்கு என்று வைத்தது, மனசு வராது என்பது தெரியும். நம் மாவட்டத்தில் எத்தனை பவுன் என்ற பேச்சு எவ்வளவு கனமானது என்றும் தெரியும். ஆனால் இப்படியே போனால் ஒரு வருஷம் விலை இறங்கும், புதுப்பிக்க முடியாது, ஆறும் ஏலத்துக்குப் போகும். கல் வைத்த நகையை வைத்துக்கொண்டு, கல் இல்லாத சங்கிலி, வளையலை விற்றால் நஷ்டம் குறையும். இரண்டு கடையிலாவது விலை கேளுங்கள். கடனில் ஏறிக்கொண்டிருந்த அந்த 5,400 நின்றுவிடும். அது கையில் மிஞ்சுகிற பணம் இல்லைதான், ஆனாலும் முடிந்ததை மகள் பெயரில் மாதாமாதம் ஆர்.டி.யில் போடுங்கள்.

ஒற்றை அறை விஷயம். 14 லட்சத்துக்கு வருஷ வாடகை 1,08,000, அதாவது 7.7 சதவீதம். பராமரிப்பும் வரியும் போனால் இன்னும் குறைவு. அதைக் கடன் வாங்கி வாங்கினால் வட்டி அதைவிடக் கூட. "உறுதி" என்பதும் ஒப்பந்தத்தில் 24 மாதத்துக்குத்தான். அந்த வாடகையை விலையிலேயே ஏற்றி வைத்திருப்பார்கள், உங்கள் பணத்தையே உங்களுக்குத் தவணையில் தருவார்கள். அதற்கப்புறம்? சுற்றுலாப் பயணிகள் வந்து தங்குவார்கள் என்கிறார் பில்டர். சபரிமலை சீசனில் கன்னியாகுமரிக்கு வருகிற கூட்டத்தைக் காட்டி வருஷம் முழுக்கக் கணக்குப் போடுகிற பேச்சு இது. எனக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை.

இன்னொன்று. உங்கள் மின் ரசீதில் இன்னும் வணிக இணைப்பு என்றே இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 400 யூனிட், யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வீதம் 4,000-க்கு மேல் கட்டுகிறீர்கள். வீட்டு இணைப்பு என்றால் முதல் 100 யூனிட் இலவசம், மொத்தமே ஏறக்குறைய 1,200-தான் வரும். கடையை வீடாக்கிய கட்டடங்களில் இதைப் பலரும் கவனிப்பதில்லை. மின்வாரியத்தில் மாற்ற விண்ணப்பியுங்கள். மாநகராட்சி சொத்து வரியும் கடைக் கணக்கில்தான் போகிறதா என்று அதோடு பார்த்துவிடுங்கள்.

கொழுந்தனுக்கு இதுவரை போன தொகையை ஒரு தாளில் தேதி போட்டு எழுதி, உங்கள் கணவரிடம் கொடுங்கள். தம்பியிடம் அவர்தான் பேச வேண்டும். நீங்கள் பேசினால் அது குடும்பச் சண்டையாகிவிடும். மாதம் 3,000 ஆவது திருப்பித் தரட்டும். அது வந்து சேரும்வரை சரக்குக்கு என்று ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.