ஆசிரியர்கள் கேமராவோடு மெக்சிகோவுக்குக் கல்விப் பயணம் போவது எதற்காக?

தான் பாடம் நடத்தப்போகும் பண்பாட்டை ஆசிரியரே நேரில் போய்க் கற்றுவருவதுதான் கல்விப் பயணம். சமையல் குறிப்பைப் படிப்பதற்கும் அடுப்படியில் நின்று பார்ப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

கேமரா எதற்கு? படமெடுக்க நின்றால்தான் கண் நிதானிக்கும். நவம்பர் 1, 2 தேதிகளில் வரும் இறந்தோர் நாளன்று தென் மெக்சிகோவின் ஒவாஹாகா மாநிலத்தில் ஒரு வீட்டுப் படையலைப் பாருங்கள்: செண்டுமல்லி (இந்தப் பூவின் தாயகமே மெக்சிகோதான்), மெழுகுவத்தி, தாத்தாவின் புகைப்படம், அருகில் ஒரு தம்ளர் தண்ணீர். நெடுந்தூரம் நடந்து வரும் ஆன்மாவுக்குத் தாகம் எடுக்குமாம். வீட்டாரிடம் அனுமதி கேட்டுப் பேச்சுக்கொடுத்தால்தான் இதெல்லாம் தெரியவரும்.

பலர் நினைப்பதுபோல இது மெக்சிகோவின் ஹாலோவீன் (பேய் வேடமிட்டுக் கொண்டாடும் மேலைநாட்டு விழா) அல்ல. பயமுறுத்துவதற்கு இங்கே இடமில்லை, பிரிந்தவர்களை வீட்டுக்கு வரவேற்கும் நாள் இது.