கோல்ஃப் கேள்வி-பதில்: பிடியில் ஆரம்பிக்கும் வம்பு

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றி வருகின்றன: கிரிப்பும் (கிளப் என்னும் மட்டையைப் பிடிக்கும் விதம்) ஸ்விங் பிளேனும் (வீசும்போது கிளப் சுழலும் சாய்ந்த தளம்). பதில்கள் வலக்கை ஆட்டக்காரர்களுக்காக எழுதப்பட்டவை. இடக்கையர் இடம் வலம் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

கேள்வி: டிரைவர் (தூரம் அடிக்கும் நீளமான கிளப்) எடுத்தால் பந்து இடப்பக்கம் கிளம்பி, பிறகு வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போகிறது. "வெளியிலிருந்து உள்ளே வெட்டுகிறீர்கள், பிளேனை மாற்றுங்கள்" என்கிறார் கோச். ஆறு மாதமாக முயன்றும் மாறவில்லை. கிரிப்பைப் பார் என்கிறான் நண்பன். எதை முதலில் சரிசெய்வது?
- வாசகர், சென்னை

பதில்: கிரிப்பை. கோச் கண்டது சரிதான். ஆனால் அந்த வெட்டு, உங்கள் உடம்பு தானாகக் கண்டுபிடித்த கைவைத்தியம். பந்து எந்தப் பக்கம் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அடிபடும் கணத்தில் கிளப் முகம் பார்க்கும் திசை. வளைவு வருவதோ, முகத்துக்கும் கிளப் வரும் பாதைக்கும் உள்ள வித்தியாசத்தால். கைகள் இலக்குப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தால் (இதைத்தான் வீக் கிரிப் என்கிறோம்) முகம் திறந்தே வரும், பந்து வலப்பக்கம் ஓடும். நாலு பந்து தொலைந்ததும் தோள் தானாக இடப்பக்கம் இழுக்க ஆரம்பித்துவிடும். இப்போது பந்து இடப்பக்கம் கிளம்புகிறது. ஆனால் பாதை அதைவிட இடப்பக்கம் போய்விட்டதால், பாதையோடு ஒப்பிட்டால் முகம் இன்னும் திறந்துதான் இருக்கிறது. இழுக்க இழுக்க வளைவு கூடும்.

இடக்கையை முதலில் சரிசெய்யுங்கள். கிளப்பின் கைப்பிடி நுனி, கைக்கு வெளியே ஒன்றரை சென்டிமீட்டர் தெரியட்டும். சுண்டுவிரலின் அடியிலிருந்து ஆள்காட்டி விரலின் நடு மடிப்பு வரை கிளப் குறுக்காக, விரல்களில் படுக்க வேண்டும். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்துச் சதைமேடு கிரிப்பின் மேலே உட்காரும். கட்டைவிரல் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கம். குனிந்து பார்த்தால் இரண்டு விரல் முட்டிகள் தெரிய வேண்டும். ஸ்லைஸ்காரர்களுக்கு (உங்களைப் போல் பந்து வலப்பக்கம் வளைபவர்களுக்கு) இரண்டரை, மூன்று தெரிந்தாலும் நல்லதே. ஒன்றுதான் தெரிகிறது என்றால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான்.

அடுத்து வலக்கை. பிடிப்பு நடுவிரலிலும் மோதிர விரலிலும். உள்ளங்கைப் பள்ளம் இடது கட்டைவிரலை மூடட்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து உண்டாக்கும் "வி" வடிவம் வலத் தோளைக் காட்ட வேண்டும். வலக்கை மேலேறி உட்கார்ந்தால் வலத் தோளும் பந்தை நோக்கி முன்னே வந்துவிடும். தோள்கள் அடிக்கும் முன்பே இடப்பக்கம் திரும்பியிருக்கும். பிளேன் பாதி அங்கேயே கெட்டுவிட்டது. சரிபார்க்க, பின்னாலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். வல முன்கைக்கு மேலே இட முன்கை கொஞ்சம் தெரிந்தால் சரி. வல முன்கை இடக்கையை மறைத்தால் தோள் திறந்திருக்கிறது.

இனி முக்கியமான எச்சரிக்கை. கிரிப்பை மாற்றியதும் பந்து நேராகப் போகாது. பழைய வெட்டுப் பாதையிலேயே வீசுவீர்கள். முகம் இப்போது மூடி வருவதால் பந்து கிளம்பிய இடத்திலிருந்தே நேராக இடப்பக்கம் போகும். பலர் இந்த இடத்தில்தான் பயந்து பழைய பிடிக்குத் திரும்புகிறார்கள். வளைவு குறைந்துவிட்டதா என்று மட்டும் பாருங்கள். குறைந்திருந்தால் கிரிப் தன் வேலையைச் செய்கிறது, இனி பாதையைத் தொடலாம். பந்துக்கு ஒரு அடி பின்னால், பந்துக் கோட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் வெளியே ஒரு ஹெட்கவரை (கிளப் தலைக்கு மாட்டும் உறை) வையுங்கள். அதைத் தட்டாமல் 8-ஆம் நம்பர் அயர்னில் (டிரைவரைவிடக் குட்டையான இரும்புத் தலைக் கிளப்) அரை ஸ்விங், ஒரு நாளைக்கு 30 பந்து. இரண்டு வாரம் டிரைவர் பையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: என் பிளேன் நிமிர்ந்திருக்கிறதா, படுத்திருக்கிறதா என்று கோச் இல்லாமல் நானே எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகர், கோலாலம்பூர்

பதில்: கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று, இடக்கை தரைக்கு இணையாகும் வரை பேக்ஸ்விங் செய்து (கிளப்பைப் பின்னே தூக்கி) நிறுத்துங்கள். கைப்பிடியின் நுனி எங்கே குறி வைக்கிறது? பந்துக் கோட்டின் மேலோ, சற்று உள்ளேயோ என்றால் போதும். பாதங்களை நோக்கினால் கிளப் நிமிர்ந்துவிட்டது. பந்தைத் தாண்டி வெளியே நோக்கினால் படுத்துவிட்டது. அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகன் 1957-இல் சொன்ன கண்ணாடிப் பலகைப் படிமம் (பந்திலிருந்து தோள்கள் வழியாகச் சாய்ந்து நிற்கும் பலகை) இன்றும் நல்ல துணைதான். ஆனால் அந்தச் சாய்வு எல்லாக் கிளப்புக்கும் ஒன்றல்ல. சுமார் 45 அங்குல டிரைவருக்குப் பந்து தள்ளி இருப்பதால் தளம் படுத்தே இருக்கும். 35 அங்குலச் சொச்சம் வெட்ஜுக்கு (குறுந்தூரக் கிளப்) நிமிரும். டிரைவர் வீடியோவையும் வெட்ஜ் வீடியோவையும் ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள்.

நிமிர்ந்திருந்தால் மறுபடி கிரிப்புக்கே வாருங்கள். கிளப் உள்ளங்கையில் குறுக்கே கிடந்தால் மணிக்கட்டு மடங்காது. மடங்காத கிளப்பை மேலே கொண்டுபோகக் கைகள்தான் தூக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு நேர் எதிர்க் கோளாறு. ஒரு பந்து வலப்பக்கம் நேராகப் போகிறது, அடுத்தது கொடூரமான ஹூக் (இடப்பக்க வளைவு). அயர்னில் பந்துக்கு முன்பே தரையில் குத்துகிறேன். கிரிப் ஸ்ட்ராங் (கைகள் இலக்குக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பிய பிடி) என்கிறார்கள். ஆனால் அமெரிக்க ஆட்டக்காரர் டேவிட் டுவால் அப்படிப் பிடித்துத்தானே ஜெயித்தார்?
- வாசகர், கோவை

பதில்: ஆமாம், 2001-இல் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டமே வென்றார். ஆனால் அடிபடும்போது அவர் உடம்பு வேகமாகத் திரும்பிவிடும், கைகள் உருளாது. பிடி ஸ்ட்ராங்காக இருந்து கைகளும் உருண்டால் முகம் சாத்திக்கொள்ளும். ஹூக் அதுதான்.

உங்கள் விஷயத்தில் வலக்கையைச் சந்தேகிக்கிறோம். அது கிளப்புக்கு அடியில் புகுந்தால் வலத் தோள் தாழும், முழங்கை விலாவோடு ஒட்டும். பேக்ஸ்விங்கின் முதல் ஓர் அடி தூரத்திலேயே கிளப் தலை உடம்பைச் சுற்றி உள்ளே போய்விடும். இறங்கும்போது மிக உள்ளிருந்து வருவதால் ஸ்விங்கின் அடிப்புள்ளி பந்துக்குப் பின்னால் விழுகிறது. தரையில் குத்துவது அதனால்தான். கைகள் சரியான நேரத்தில் உருண்டால் ஹூக், தாமதித்தால் வலப்பக்க நேர் பந்து. இரண்டும் ஒரே நோய்.

வலது "வி" வலத் தோளுக்கு வரும் வரை கையை மேலே திருப்புங்கள். இடக்கையில் நான்கு முட்டி தெரிந்தால் ஒன்றைக் குறையுங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். பிறகு, கிளப் தரைக்கு இணையாகும் இடத்தில் நிறுத்திப் பின்னாலிருந்து படம் எடுங்கள். கிளப் தலை உங்கள் கைகளை மறைக்க வேண்டும்; கைகளுக்குப் பின்னால் உள்ளே தெரிந்தால் இன்னும் சுற்றுகிறீர்கள்.

ஹோகன் பெயர் வந்ததால் ஒன்று: அவரும் ஹூக்கால் அவதிப்பட்டவர், அதிலிருந்து தப்பத்தான் இடக்கையை வீக் ஆக்கினார். அவருடைய பிடி உங்களுக்கு மருந்தாகலாம். முதல் கடிதம் எழுதிய சென்னை வாசகருக்கு அது விஷம்.

கேள்வி: புதுக் கிளவ் ஒரு மாதத்தில் உள்ளங்கை ஓரத்தில் ஓட்டை விழுகிறது. மலிவான கிளவ் என்பதாலா?
- வாசகர், சிங்கப்பூர்

பதில்: சதைமேட்டுப் பக்கம் ஓட்டை என்றால் கிளப் உள்ளங்கையில் உரசி நகர்கிறது. பேக்ஸ்விங் உச்சியில் இடக்கையின் கடைசி மூன்று விரல்கள் தளர்ந்து, இறங்கும்போது மறுபடி பிடிக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் முகம் வேறு கோணத்தில் வரும். அந்த மூன்று விரல்களுக்கும் கிளப்புக்கும் நடுவே ஒரு நாணயத்தைச் செருகி அரை ஸ்விங் செய்யுங்கள், விழக் கூடாது.

கேள்வி: விரல்களைக் கோக்கும் இன்டர்லாக் நல்லதா, சுண்டுவிரலை மேலே வைக்கும் ஓவர்லேப் நல்லதா?
- வாசகி, சென்னை

பதில்: ஓவர்லேப்பைப் பிரபலமாக்கியவர் ஆறு முறை பிரிட்டிஷ் ஓப்பன் வென்ற ஹாரி வார்டன். இன்டர்லாக்கில் ஜாக் நிக்லஸும் டைகர் வுட்ஸும் ஆடினார்கள். பிளேனுக்கு இதனால் பெரிய வித்தியாசமில்லை. சிறிய கைகளுக்கு இன்டர்லாக் வசதி. ஆனால் விரல்களை அடிவரை கோத்தால் இடக்கைப் பிடி தளரும்.

கேள்வி: விரல் பதியும் அச்சுள்ள பயிற்சி கிரிப்பை (கிளப்பின் கைப்பிடி உறை) ஆட்டத்திலேயே மாட்டிக்கொள்ளலாமா?
- வாசகர், ஊட்டி

பதில்: கூடாது. கையின் வடிவத்துக்கு வார்த்த கிரிப் விதிப்படி செல்லாது. பயிற்சி ரேஞ்சுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிரிப்பின் அடியில் நீளவாக்கில் ஓடும் மெல்லிய வரம்புக்கு அனுமதி உண்டு. ஆனால் கடையில் மாட்டும்போது அது சற்று முறுக்கிக்கொண்டால் உங்கள் கைகளும் கூடவே திரும்பும். புது கிரிப் மாட்டிய கையோடு, கிளப் முகத்தை நேராக வைத்து அந்த வரம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.