ஒன்றேகால் லட்சத்துக்குக் கையால் செய்த கிதார்: வாங்கலாமா?

கேள்வி: ஏழு வருஷமாக யமாஹா எஃப்எஸ்800 வாசிக்கிறேன். ஃபிங்கர்ஸ்டைல்தான் (பிக் இல்லாமல் விரலாலேயே மீட்டுவது) அதிகம். சிறிய பட்டறை வைத்துத் தனி ஆளாகக் கிதார் செய்யும் ஒருவர், ஒன்றேகால் லட்சத்துக்குச் செய்து தருகிறேன் என்கிறார். ஆறு மாதம் ஆகுமாம். அந்தக் காசுக்குப் பெரிய கம்பெனிக் கிதாரே வாங்கு என்கிறார் என் மாஸ்டர். வீடு சென்னை மடிப்பாக்கம். இரவில் மட்டும் ஏசி ஓடும். எதை வாங்குவது? ஸ்பீக்கரில் போட உதவும் பிக்கப்பும் இப்போதே வைக்கச் சொல்லலாமா?

பதில்:

வாங்கலாம். ஆனால் செய்பவர், நீங்கள் கிதாரைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தைக் கணக்கில் வைத்துச் செய்பவராகவும் இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் மாஸ்டர் சொல்வதைக் கேளுங்கள்.

கூடுதல் பணம் எதற்குப் போகிறது என்று பார்ப்போம். கிதாரின் சத்தம் பெரும்பாலும் மேல்பலகையில், அதாவது டாப்பில் இருக்கிறது. ஒரே ஸ்ப்ரூஸ் மரத்தில் அறுத்த இரண்டு பலகைகள்கூட ஒரே விறைப்போடு இருக்காது. தொழிற்சாலைக்கு இதையெல்லாம் தட்டித் தட்டிப் பார்க்க நேரம் கிடையாது. எல்லாப் பலகையையும் ஒரே தடிமனுக்கு இழைத்துவிடுவார்கள். வாரண்டியில் திரும்பி வரக் கூடாது என்பதால், இருப்பதிலேயே விறைப்புக் குறைந்த பலகையும் தாங்குகிற தடிமனாகத்தான் அது இருக்கும். நல்ல விறைப்பான பலகை வந்து மாட்டினால் அது தேவைக்கு மேல் தடியாகவே நின்றுவிடும். கைவேலைக்காரர் பலகையை வளைத்துப் பார்ப்பார், விரலால் தட்டிக் கேட்பார், கொஞ்சம் இழைப்பார், மறுபடி தட்டுவார். 2.8 மில்லிமீட்டரில் நிற்க வேண்டியதை 2.5-க்குக் கொண்டுவருவார். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் பலகையின் விறைப்பு தடிமனின் மும்மடிப்படி மாறும். அந்த 0.3 மில்லிமீட்டரில் கால் பங்குக்கு மேல் விறைப்பு போய்விடுகிறது. டாப்பைத் தாங்க உள்ளே ஒட்டும் பிரேஸ் கட்டைகளின் உயரத்துக்கும் இதே கணக்குதான். மார்ட்டின் கம்பெனி 1840-களில் கொண்டுவந்த எக்ஸ் வடிவப் பிரேஸிங்கைத்தான் இன்றும் பெரும்பாலானவர்கள் போடுகிறார்கள். அதை எவ்வளவு செதுக்குவது, எங்கே நிறுத்துவது என்பதில்தான் கை தெரியும்.

இதன் பலன் மெதுவாக விரலால் மீட்டுபவருக்குத்தான் அதிகம். லேசாகத் தொட்டாலே டாப் அசையும். தடித்த பிக்கை வைத்து ஓங்கி அடித்துப் பாடுபவர் என்றால் இவ்வளவு செலவு வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். நீங்கள் ஃபிங்கர்ஸ்டைல் என்பதால் கேள்விக்கே அர்த்தம் இருக்கிறது. இன்னொன்று, உங்கள் எஃப்எஸ்800-இல் நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் சிறிய பட்டை) அகலம் 43 மில்லிமீட்டர். விரல்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றன என்று எப்போதாவது தோன்றியிருந்தால் 44.5 கேளுங்கள். கைக்கு அளவெடுத்துச் செய்வது இங்கே நடக்கும், ஷோரூமில் நடக்காது.

பின்பலகை, பக்கப்பலகைக்கு அபூர்வ மரம் போடலாம், இருபதாயிரம் கூடும் என்று பேச்சு வந்தால் தலையாட்டாதீர்கள். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஃபைல்ட் கிதார்ஸ் என்ற சிறிய பட்டறையின் ரோஜர் பக்னல், பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் மாறும்படி ஆறு கிதார்கள் செய்து கொடுத்தார். பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹோகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட் என்று ஆறு மரம். 52 கிதார்க் கலைஞர்கள், எது எந்த மரம் என்று கண்ணுக்குத் தெரியாதபடி வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார்கள். அவர்கள் கொடுத்த மதிப்பெண்ணில் மரத்துக்கு மரம் பெரிய வித்தியாசமே இல்லை. இந்திய ரோஸ்வுட் என்பது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வோம். அதையோ மஹோகனியையோ எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள். ஈட்டி என்றால் மரம் வாங்கிய பில்லைப் பார்த்துவிடுங்கள். சொந்தப் பட்டா நிலத்து மரமானாலும் அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1994-இல் தனிச்சட்டமே போட்டார்கள்.

இனி ஈரப்பதம். சென்னையில் கிதார் வாங்கும் எவருக்கும் முக்கால்வாசிப் பதில் இதில்தான் இருக்கிறது.

உலகத்தின் நல்ல கிதார்களில் பெரும்பாலானவை 45 முதல் 50 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் ஒட்டப்பட்டவை. நம் ஊரில் சாதாரண நாளிலேயே 70-ஐத் தொடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் 80-ஐத் தாண்டும். மரம் நீள வாக்கில் ஊதாது, குறுக்கு வாக்கில் ஊதும். 400 மில்லிமீட்டர் அகலமுள்ள ஸ்ப்ரூஸ் டாப், 45 சதவீதத்திலிருந்து 75-க்கு வந்து ஊறினால் குறுக்கே மூன்று மில்லிமீட்டர் போல அகலப் பார்க்கும். ஆனால் சுற்றிலும் பக்கப்பலகையோடு ஒட்டியிருக்கிறதே, எங்கே போகும்? மேல்நோக்கிப் புடைக்கும். அதோடு டாப்பில் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் கட்டையும் மேலே வரும், கம்பிகள் ஃப்ரெட்டை (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளை) விட்டு எழும்பும். சத்தமும் மந்தமாகும். மழைக்காலத்தில் 'கிதார் கனமாயிடுச்சு சார்' என்று கொண்டு வருபவர்களில் பாதிப் பேருக்கு வேறு கோளாறே இருக்காது.

ஏசி இரவில் மட்டும் என்கிறீர்கள். அறைக்குள் திறந்து வைத்த கிதார் ராத்திரி 55-இலும் பகலில் 75-இலும் மாறி மாறி நிற்கும். தொடர்ந்து 70-இல் இருப்பதைவிட இந்த ஏற்ற இறக்கம்தான் ஒட்டுகளைத் தளர்த்தும். ஆகவே சுவரில் மாட்டாதீர்கள். ஹார்டு கேஸில் மூடி வையுங்கள். உள்ளே 49 சதவீதத்துக்கான இருவழி ஈரப்பதப் பாக்கெட்டும் (ஈரம் கூடினால் உறிஞ்சும், குறைந்தால் விடும்), ஒரு சிறிய டிஜிட்டல் ஈரமானியும் போடுங்கள். பாக்கெட் மழைக்காலத்தில் சீக்கிரம் ஊறிப் பருத்துவிடும், அப்போது சிலிக்கா ஜெல் கைகொடுக்கும். கேஸைப் பரண் மேல் தூக்கிப் போட்டு ஆறு மாதம் மறந்துவிட்டால் பூஞ்சைதான் மிச்சம். கம்பெனிக் கிதார் வாங்கினாலும் இத்தனையும் செய்யத்தான் வேண்டும்.

கைவேலைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இங்கிருந்துதான் வருகிறது: 'டாப்பில் பிரேஸ் ஒட்டும்போது உங்கள் அறையில் ஈரப்பதம் எவ்வளவு?' ஓர் எண்ணைச் சொல்லி, சுவரில் மாட்டியிருக்கும் மானியைக் காட்டினால் ஆளை நம்பலாம். 'அதெல்லாம் நல்லா காய்ஞ்ச மரம் சார்' என்பது பதில் ஆகாது. 80 சதவீத அறையில் ஒட்டியதை ஏசி அறைக்குக் கொண்டுபோனால் பலகை சுருங்கும், புடைப்புக்குப் பதில் வெடிப்பு வரும். புடைத்தது பெரும்பாலும் காய்ந்தால் இறங்கிவிடும், வெடித்தது தானாகக் கூடாது. 45-க்கும் 55-க்கும் நடுவே ஒட்டுகிறேன் என்பவரே உங்களுக்குச் சரி.

வீணை வைத்திருக்கும் வீடுகளுக்கு இந்த விஷயம் புதிதில்லை. மெழுகில் பதித்த மெட்டுகள் (வீணையின் ஃப்ரெட்டுகள்) நாளடைவில் இடம் மாறினால் மேளம் கட்ட, அதாவது அவற்றைச் சுருதிக்குத் திரும்பப் பதிக்க ஆள் வேண்டும், கட்டுபவர் யார் என்று தெரியாமல் வீணை வாங்கிப் பயனில்லை. கைவேலைக் கிதாரும் அப்படித்தான். முதல் இரண்டு மழைக்காலம் அதைச் செய்தவர் பார்வையிலேயே இருக்க வேண்டும். அமெரிக்காவின் காலிங்ஸ், சான்டா குரூஸ், வட அயர்லாந்தின் லோடன் எல்லாம் அருமையான சிறிய பட்டறைகள். ஆனால் அங்கிருந்து வரவழைத்தால் சுங்க வரி போக, ஒவ்வொரு சிக்கலுக்கும் கூரியர் பிடிக்க வேண்டும். உங்கள் பட்ஜெட்டுக்கு அது வேலைக்காகாது.

உங்கள் ஆளிடம் இன்னும் இரண்டைக் கேட்டு வாங்குங்கள். நெக்கை, அதாவது கழுத்தை, போல்ட் போட்டு உடலோடு இணைக்கச் சொல்லுங்கள். நாலைந்து வருஷத்தில் நெக் கோணத்தைச் சரி செய்ய நேர்ந்தால் போல்ட்டைக் கழற்றி ஒரு நாளில் முடிக்கலாம். மரத்தை வெட்டிக் கோத்துப் பசை போட்ட டவ்டெயில் இணைப்பு என்றால் ஆவி காட்டிப் பிரிக்கிற பெரிய வேலை. அப்புறம், எலும்பில் இரண்டு சேடில் (பிரிட்ஜில் கம்பிகள் ஏறி உட்காரும் பட்டை) செய்யச் சொல்லுங்கள், வெயிலுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று. 12-வது ஃப்ரெட்டில் கம்பி அரை மில்லிமீட்டர் எழும்பினால் சேடிலில் ஒரு மில்லிமீட்டர் குறைக்க வேண்டும். அப்படிக் குறைத்த சேடில் தயாராக இருந்தால், மழைக்காலத்தில் கம்பியைத் தளர்த்தி மாற்றிப் போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். சேடில் பிரிட்ஜுக்கு மேலே மூன்று நான்கு மில்லிமீட்டராவது நீட்டிக்கொண்டிருக்கட்டும். புதுக் கிதாரிலேயே ஒட்டக் குறைத்திருந்தால் நெக் கோணத்தில் தப்பு செய்துவிட்டு சேடிலில் மறைக்கிறார் என்று பொருள்.

கையில் வாங்கும் நாளில் மேல்பூச்சின் பளபளப்பில் மயங்காமல் உள்ளே பாருங்கள். செல்போன் டார்ச்சை எரியவிட்டு, கேமராவைச் சவுண்டுஹோல் வழியே நுழைத்து வீடியோ எடுங்கள். பிரேஸ் நுனிகள் பலகையோடு இறுக ஒட்டியிருக்கின்றனவா, பசை வழிந்து காய்ந்து கிடக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு விசிட்டிங் கார்டு முனையை வைத்துத் தள்ளுங்கள், உள்ளே நுழையவே கூடாது. ஃப்ரெட்டுகள் மேல் நீளமான ஸ்கேலை வைத்தால் அதன் முனை பிரிட்ஜின் மேல்விளிம்பைத் தொட வேண்டும். 12-வது ஃப்ரெட்டில் ஆறாவது கம்பி 2.4, முதல் கம்பி 1.8 மில்லிமீட்டர் என்பது ஃபிங்கர்ஸ்டைலுக்கு நல்ல அளவு. கடைசியாக எல்லாக் கம்பியையும் எல்லா ஃப்ரெட்டிலும் ஒருமுறை அழுத்தி வாசித்துவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம், ஒன்றேகால் லட்சம் கொடுக்கிறீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. கையால் செய்தது என்று விற்பதெல்லாம் கையால் செய்தது இல்லை. வெளிநாட்டுத் தொழிற்சாலையில் மொத்தமாக வாங்கிய கிதாருக்குள் தன் பெயர் லேபிளை ஒட்டி விற்பவர்களும் உண்டு. ஒரே மாடலில் பத்து கையிருப்பில் இருந்தால், ஆறு மாதம் என்று சொன்னது ஆறு வாரத்தில் வந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு கிதாரை ஒழுங்காகக் கையால் செய்ய நூறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பலகை இழைத்த அன்று, பக்கம் வளைத்த அன்று, பிரேஸ் ஒட்டிய அன்று என்று உங்கள் கிதாரின் படங்களை அவ்வப்போது அனுப்பச் சொல்லுங்கள். உண்மையான வேலைக்காரர் கேட்காமலே அனுப்புவார், நிறுத்துவதுதான் கஷ்டம். முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அளவுகள், மரம், முதல் இரண்டு வருஷ செட்டப் (கம்பி உயரம் போன்றவற்றைச் சரிசெய்வது) இலவசம், பிடிக்காவிட்டால் என்ன ஏற்பாடு, எல்லாம் ஒரு தாளில் இருக்கட்டும்.

மாஸ்டர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. பெரிய கம்பெனியில் பார்த்தால் யமாஹா எல்எல்16 போல முழுக்க சாலிட் மரத்தில், ஒட்டுப்பலகை இல்லாமல் செய்தவை உண்டு. தரம் ஏறி இறங்காது, ஏழெட்டை வாசித்துப் பார்த்துப் பிடித்ததை எடுத்துவரலாம். 1842-இல் தொடங்கிய, அண்ணா சாலையில் இருக்கும் மியூஸி மியூசிக்கல் போன்ற கடைகளில் ஒரு மத்தியானம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். ஏசி ஷோரூமில் காய்ந்து துள்ளுகிற கிதார், மடிப்பாக்கம் வந்து ஒரு வாரத்தில் கொஞ்சம் அடங்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். விற்கும்போதும் வித்தியாசம் தெரியும். யமாஹாவையோ மார்ட்டினையோ யாராவது வந்து வாங்குவார்கள். பெயர் தெரியாத பட்டறைக் கிதாருக்குப் போட்ட காசில் பாதி திரும்பினாலே பெரிது. மூன்று வருஷத்தில் மாற்றுவேன் என்கிற ஆள் நீங்கள் என்றால் கம்பெனிக் கிதார்தான்.

எதற்கும் முன்னால் உங்கள் எஃப்எஸ்800-ஐ ஒரு நல்ல ரிப்பேர்க்காரரிடம் கொடுத்து நட், சேடில் இரண்டையும் எலும்பில் மாற்றி, ஃப்ரெட் சமன் செய்து வாங்குங்கள். சில ஆயிரங்களில் முடியும். ஏழு வருஷத்து ஃப்ரெட் எப்படியும் தேய்ந்திருக்கும். ஒரு மாதம் வாசித்த பிறகும் புதுசு வேண்டும் என்று தோன்றினால், எது குறைகிறது என்று உங்களுக்கே தெளிவாகத் தெரியும். கைவேலைக்காரரிடம் போய்ச் சொல்லவும் அதுதான் வேண்டும். 'நல்லா சத்தம் வரணும்' என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார், பாவம்.

பிக்கப் இப்போது வேண்டாம். சேடிலுக்கு அடியில் வைக்கும் வகை, நீங்கள் சேடிலை மாற்றி மாற்றிப் போடும்போது சமமாக உட்காராது. ஒரு கம்பி கத்தும், அடுத்தது முனகும். பக்கப்பலகையில் ஓட்டை போட்டு, பிக்கப்பின் சத்தத்தைக் கூட்டும் ப்ரீஆம்ப் பெட்டி வைக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். மேடை ஏறும் நாள் வந்தால், பிரிட்ஜுக்கு நேர் கீழே உள்பக்கம் ஒட்டுகிற வகையை வாங்கிக்கொள்ளலாம். எண்ட்பின் (கிதாரின் அடியில் தோள்பட்டை மாட்டும் குமிழ்) துளையை 12 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கினால் போதும், அரை மணி நேர வேலை.