முதல் எலெக்ட்ரிக் கிட்டார்: வாசகர் கேள்விகள்

(கிட்டார் கற்றுக்கொடுப்பதும் பழுதுபார்ப்பதும் என் தொழில். முதல் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன்.)

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எலெக்ட்ரிக் கிட்டார்தான் ஆசை. ஆனால், “முதலில் அக்குஸ்டிக்கில் பழகு, விரல் காய்த்த பிறகு எலெக்ட்ரிக் பக்கம் போகலாம்” என்கிறார்கள். அது சரிதானா சார்?

சரியில்லை தம்பி. எந்தப் பாட்டை வாசிக்க வேண்டும் என்று ஏங்குகிறீர்களோ, அந்தச் சத்தம் வருகிற கிட்டாரை வாங்குங்கள். அந்த ஏக்கம்தான் முதல் சில மாதங்கள் உங்களைத் தினமும் உட்கார வைக்கும்.

விரல் கணக்குப் பார்த்தாலும் எலெக்ட்ரிக்தான் இலகு. அக்குஸ்டிக்கில் கம்பியின் அதிர்வு மரப்பலகையையே ஆட்ட வேண்டும், அதனால் கம்பி தடிமனாக இருக்கும். மெல்லிய கம்பியே பெரும்பாலும் 0.012 அங்குலம். எலெக்ட்ரிக்கில் பிக்கப்பில் இருக்கும் காந்தமும் கம்பிச்சுருளும் அந்த அதிர்வை மின்சாரமாக்கிவிடுகின்றன. அதனால் 0.009 அல்லது 0.010 அங்குலக் கம்பி போதும். அழுத்துவதும் சுலபம், இழுத்து வளைப்பதும் சுலபம்.

எலெக்ட்ரிக்கில் கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. டிஸ்டார்ஷன் (ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் வசதி) போட்டுவிட்டால் நீங்கள் தொடாத கம்பியும் சேர்ந்து இரையும். வேண்டாத கம்பிகளை இரண்டு கைகளாலும் அடக்கி வைப்பதை முதல் நாளிலிருந்தே பழகுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 52. கை சிறியது. தங்கை மகனின் எலெக்ட்ரிக் கிட்டாரில் முயன்று பார்த்தேன். எஃப் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து மீட்டும் ஒரு பிடி) பிடிக்கவே முடியவில்லை, விரல் நுனி எரிகிறது. இந்த வயதில் என் கைக்கு இது ஒத்துவருமா? சின்ன கிட்டார் ஏதாவது இருக்கிறதா?

ஒத்துவரும் அம்மா. இந்தக் கேள்விக்கு நிதானமாகவே பதில் சொல்கிறேன். “என் விரலுக்குப் பலம் இல்லை” என்று சொல்லி என்னிடம் வருகிறவர்களில் பலருக்கும் விரலில் ஒரு குறையும் இருப்பதில்லை. கிட்டார் செட்டப் ஆகாமல், அதாவது கம்பி உயரம் போன்றவை சரிசெய்யப்படாமல் இருக்கும். அது தெரியாமல், நமக்கு வராது என்று முடிவு கட்டி அதை மூலையில் சாத்தி வைத்துவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அரைமணி நேரம் திருகாணியும் அரமும் பிடித்தால் தீர்கிற விஷயம் இது.

எஃப் கார்டு எங்கே பிடிக்கிறோம்? முதல் ஃபிரெட்டில், அதாவது நெக்கின் (கழுத்தின்) குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் முதலாவதில். அதற்கு ஒட்டினாற்போல் இருக்கிறது நட், அதாவது கம்பிகள் உட்காரும் வெள்ளை அல்லது கறுப்புப் பட்டை. அதன் பள்ளங்கள் போதிய ஆழம் இல்லாவிட்டால், முதல் ஃபிரெட்டில் யார் அழுத்தினாலும் வலிக்கும். கடையிலேயே இதைப் பார்த்துவிடலாம். ஒரு கம்பியை இரண்டாவது, மூன்றாவது ஃபிரெட்டுகளுக்கு நடுவே அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃபிரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். மயிரிழை அளவு இருந்தால் நல்லது. அதற்கு மேல் பளிச்சென்று தெரிந்தால் நட் உயரம்.

அடுத்தது ஆக்‌ஷன். 12ஆவது ஃபிரெட்டின் மேல்முனைக்கும் கம்பியின் அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளி அது. தடித்த கம்பியில் 2 மில்லிமீட்டர், மெல்லிய கம்பியில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் இருந்தால் ஆரம்பிப்பவருக்கு வசதி. இதைவிட ரொம்பத் தாழ்த்தினால் கம்பி ஃபிரெட்டில் பட்டு இரையும்.

கை சிறியது என்றால் ஸ்கேல் நீளத்தையும் கவனியுங்கள். நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் (கிட்டாரின் உடலில் கம்பிகள் தங்கும் பாகம்) இடையே கம்பி ஓடும் நீளம்தான் ஸ்கேல். ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் அது 648 மி.மீ., கிப்சன் லெஸ் பால் வகையில் சுமார் 628 மி.மீ. வித்தியாசம் 20 மி.மீ.தான். ஆனாலும் ஃபிரெட்டுகள் கொஞ்சம் நெருங்கி வரும், அதே கம்பி அதே சுருதியில் இன்னும் சற்றுத் தளர்வாக இருக்கும். குழந்தைகளுக்கான மினி கிட்டாருக்கு நீங்கள் போக வேண்டியதில்லை. குட்டை ஸ்கேல், மெல்லிய நெக், 9 கேஜ் (0.009 அங்குல) கம்பி, நல்ல செட்டப். இந்த நான்கும் சேர்ந்தால் எஃப் கார்டு கைக்கு வந்துவிடும். முதலில் தங்கை மகனின் கிட்டாரையே ஒரு நல்ல டெக்னீஷியனிடம் கொடுத்துப் பாருங்கள். அதுவே போதும் என்றாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

கேள்வி: ஸ்ட்ராட் வடிவமா, லெஸ் பால் வடிவமா? எந்த மரம் நல்லது என்றும் குழப்பமாக இருக்கிறது.

மரத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முதல் கிட்டாரில் உங்கள் காதுக்கு எட்டும் வித்தியாசம் பிக்கப்பில்தான் இருக்கிறது.

1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்று சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்புகள். ஒலி தெளிவாக, பளபளவென்று இருக்கும். ஆனால் சுற்றியுள்ள மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளும். கிப்சனில் வேலை பார்த்த சேத் லவர் 1955இல் இதற்கு ஒரு வழி கண்டார். இரண்டு சுருள்களை, காந்தத் திசையும் சுருள் சுற்றிய திசையும் எதிரெதிராக இருக்கும்படி இணைத்தார். இரைச்சல் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், கம்பியின் ஒலி கூடி நிற்கும். அதுதான் ஹம்பக்கர். கனமான ஒலி, டிஸ்டார்ஷனுக்கு ஏற்றது. லெஸ் பால் 1952லேயே வந்துவிட்டாலும் ஹம்பக்கர் அதில் ஏறியது 1957இல்தான்.

எந்த இசை என்று இன்னும் முடிவாகவில்லையென்றால், பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கரும் மற்ற இரண்டு இடங்களில் சிங்கிள் காயிலும் உள்ள எச்எஸ்எஸ் அமைப்பைச் சொல்வேன். யமஹா பசிஃபிகாவில் இது கிடைக்கும். ஃபெண்டரின் ஸ்குவையர், கிப்சனின் எபிஃபோன் இரண்டும் ஆரம்பிப்பவர்கள் தயங்காமல் பார்க்கக்கூடிய பெயர்கள். லெஸ் பால் வகை பலவும் 4 கிலோவைத் தொடும். தோளில் பட்டை மாட்டி பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: 12 வயது மகன், கூரான கொம்பு வைத்த, ஃபிளாய்ட் ரோஸ் பொருத்திய கிட்டார்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?

கொம்புக்கு ஆட்சேபம் இல்லை. பையன் ஓடிப்போய் எடுக்கிற கிட்டார்தான் அவனுக்கு நல்ல கிட்டார். வடிவமும் நிறமும் அவன் விருப்பப்படியே இருக்கட்டும்.

ஃபிளாய்ட் ரோஸ் என்ற அசையும் பிரிட்ஜ் மட்டும் இப்போது வேண்டாம். அதில் பிரிட்ஜ் மிதந்துகொண்டிருக்கும். ஒரு பக்கம் ஆறு கம்பிகளின் இழுவை, மறுபக்கம் ஸ்பிரிங்குகளின் இழுவை. ஒரு கம்பியை முறுக்கினால் மற்ற ஐந்தின் சுருதியும் நகரும். கம்பி அறுந்தால் மொத்தமும் குலைந்துவிடும். நட்டில் பூட்டு வேறு, அதைத் திறக்க ஆலன் சாவி தேவை. கைதேர்ந்தவர் கையில் அது அற்புதமான கருவி. சுருதி சேர்க்கவே இப்போதுதான் கற்கும் பையனுக்கு வாசிக்கிற நேரம் எல்லாம் அதிலேயே போய்விடும். அதே கொம்பு வடிவத்தில் அசையாத பிரிட்ஜ் உள்ள மாடல்கள் இருக்கின்றன. அதைக் காட்டிப் பேசிப் பாருங்கள்.

கேள்வி: நான் இடதுகைக்காரி. வலதுகைக் கிட்டாரிலேயே பழகலாமா?

இரண்டு வழியும் உண்டு. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வலதுகைக் கிட்டாரைத் திருப்பிப் பிடித்தார். மார்க் நாஃப்ளர் இடதுகைக்காரராக இருந்தும் வலதுகை முறையில்தான் வாசிக்கிறார். கிட்டார் இல்லாமலேயே காற்றில் வாசிப்பதுபோல் கையை வையுங்கள். எந்தக் கை தானாக மீட்டப் போகிறதோ, அதன்படி வாங்குங்கள். இடதுகை மாடல்களில் தேர்வு குறைவு, அவ்வளவுதான்.

கேள்வி: அடுக்குமாடி வீடு. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தொல்லை கொடுக்காமல் வாசிக்க என்ன வழி? ஆம்ப் (ஒலிபெருக்கி) கட்டாயமா? வீட்டு ஸ்டீரியோவில் இணைக்கக் கூடாதா?

ஸ்டீரியோவில் நேராக இணைத்தால் ஒலி மங்கி, உயிரில்லாமல் வரும். கிட்டார் பிக்கப்புக்குச் சுமார் 1 மெகாஓம் அளவு மின்தடை உள்ள உள்ளீடு வேண்டும், ஸ்டீரியோவில் அது கிடையாது. ஹெட்ஃபோன் துளை உள்ள 10 முதல் 20 வாட் ஆம்ப் ஒன்று போதும், அறைக்கு அதுவே தாராளம். கம்ப்யூட்டர் இருந்தால் கிட்டாருக்கென்றே ‘இன்ஸ்ட்ருமென்ட்’ உள்ளீடு உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கி, ஆம்ப் ஒலியை மென்பொருளில் வரவழைக்கலாம்.

கையிலுள்ள பணம் முழுவதையும் கிட்டாரிலேயே போட்டுவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கை ஆம்ப், கேபிள், ட்யூனர், ஒரு செட் கம்பி, முதல் செட்டப் இவற்றுக்கு எடுத்து வையுங்கள்.

கேள்வி: பழைய கிட்டார் ஒன்று விலைக்கு வருகிறது. எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

முதலில் நெக். தலைப்பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் நெக் நெடுக நோக்குங்கள். முன்பக்கம் இலேசான குழிவு இருந்தால் உள்ளே இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருகிச் சரிசெய்யலாம். முறுக்கிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். ஃபிரெட்டுகளில் கம்பி அரித்த பள்ளம் ஆழமாக இருந்தால் ஃபிரெட் மாற்றும் செலவு கிட்டார் விலையையே எட்டிவிடலாம்.

அப்புறம் 12ஆவது ஃபிரெட்டில் கம்பியை அழுத்தாமல் தொட்டு ஹார்மானிக் எழுப்புங்கள். அதே இடத்தில் அழுத்தியும் மீட்டுங்கள். ட்யூனரில் இரண்டும் ஒரே சுரத்தைக் காட்ட வேண்டும். இலேசாக விலகினால் பிரிட்ஜில் சரிசெய்துகொள்ளலாம். வால்யூம் திருகும்போது கரகரத்தால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் சுத்தம் செய்தால் போய்விடும். கேபிளை அசைத்தால் சத்தம் விட்டுவிட்டு வருகிறதா? அது ஜாக்கின் தளர்வாக இருக்கலாம், சின்ன வேலைதான். ஆனால் விற்பவரிடம் சொல்லி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.