அறுவை செய்ய முடியாத நரம்புக் கட்டிக்குத் தமனி வழியாகக் கீமோ கொடுக்கலாமா?

உங்கள் அண்ணனுக்கு நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகை (மரபணுப் பழுதால் நரம்புகளில் கட்டி வளரும் நோய்), இடுப்பில் கட்டி, அறுக்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். என் தம்பிக்கும் அதே நோய், கட்டி தொடையில். நான் மருத்துவர் அல்ல. குடியாத்தத்துக்கும் வேலூருக்கும் அவனோடு அலைந்த அக்கா.

குழந்தையிலேயே அவன் உடம்பெங்கும் காப்பி நிறத் திட்டுகள். அதிர்ஷ்ட மச்சம் என்றார் பாட்டி. 22 வயதில் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது கட்டி நரம்புக்குள்ளேயே புகுந்து புழுக்கூட்டம்போல் கிளைத்திருந்தது. அறுத்தால் கால் போய்விடலாம், ரத்தப்போக்கும் ஆபத்து என்று கைவிரித்துவிட்டார்கள்.

வேலூர் காந்தி ரோடு பக்கம் நாங்கள் தங்கிய லாட்ஜில் பக்கத்து அறைக்காரர் கொல்கத்தாவிலிருந்து வந்தவர். (அங்கே கடைப் பலகைகளில் பாதி வங்காளத்தில்தான் இருக்கும்.) தன் மாமாவின் கல்லீரல் கட்டிக்குத் தொடைத் தமனியில் குழாய் விட்டு மருந்து செலுத்தினார்கள் என்றார். மறுநாளே மருத்துவரிடம் கேட்டேன். அந்த அம்மையார் எரிச்சல்படாமல் படம் வரைந்து காட்டினார்.

கல்லீரல் கட்டி பெரும்பாலும் தமனி ரத்தத்தில் பிழைக்கிறது. கல்லீரலுக்கோ குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையும் உண்டு. அதனால் மருந்தைக் கட்டி வாங்கிக்கொள்ள, கல்லீரல் தப்பிக்கிறது. குழந்தைகளின் விழித்திரைப் புற்றுக்கும் கண் தமனியில் மெல்ஃபலான் என்ற கீமோ மருந்தை விடுகிறார்கள். தம்பியின் கட்டிக்கு அப்படித் தனி வாசல் இல்லை. தவிர, கீமோ முக்கியமாக வேகமாகப் பெருகும் செல்களைத்தான் தாக்கும். இதுவோ ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வது, புற்றும் அல்ல.

ஆகவே எந்தக் குழாய் என்பதற்கு முன்னால், கட்டி புற்றாக மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். இந்த நோயுள்ளவர்களில் 8 முதல் 13 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் அப்படி மாறுகிறது. பெட் ஸ்கேனும் பயாப்சியும் அதற்குத்தான். மாறியிருந்தால் கீமோவுக்கு இடம் உண்டு, அதுவும் வழக்கமாகச் சிரை வழியாக.

மாறாத கட்டிக்கு இப்போது மாத்திரை வந்திருக்கிறது. பழுதான மரபணு அணைக்கத் தவறும் வளர்ச்சிச் சமிக்ஞையை செலுமெட்டினிப் என்ற அந்த மருந்து பாதிவழியில் மறிக்கிறது. 2020இல் அமெரிக்காவில் 2 வயதும் அதற்கு மேலும் உள்ள குழந்தைகளுக்கு அனுமதித்தார்கள். அதற்கு அடிப்படையான ஆய்வில் 50 குழந்தைகளில் 35 பேருக்குக் கட்டி 20 சதவீதமாவது சுருங்கியது. மறைந்துவிடவில்லை, சுருங்கியது. தம்பி அதை எடுக்கவில்லை. வயதும் விலையும் ஒத்துவரவில்லை. ஆண்டுக்கொரு படம் எடுத்துப் பார்க்கிறோம்.

அண்ணனுக்கு வலி எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலியோ, கட்டி திடீரென்று கெட்டியாவதோ, காலில் புதிதாக பலவீனமோ இருந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்காதீர்கள்.