ஒரு கல்லறையில் மூன்று குடும்பப் பெயர்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து வளர்ந்த சீன வம்சாவளி இளைஞரை மணந்திருக்கிறாள். நாங்களும் பக்கத்து ஊரான டேலி சிட்டியில் அவர்களோடுதான் இருக்கிறோம். சம்பந்தியம்மாளின் தாயார் தம் 96ஆம் வயதில் காலமானார். கொல்மாவில் அடக்கம் நடந்த அன்று ஆளுக்கொரு வெள்ளை உறை கொடுத்தார்கள். உள்ளே ஒரு மிட்டாயும் ஒரு நாணயமும் இருந்தன. அவருடைய கணவருக்கு முன்பே நட்டிருந்த கல்லில்தான் இவர் பெயரும் இருக்கிறது. ஆங்கிலத்தில் லீ என்றும், சீன எழுத்தில் வோங் என்றும், அதன் கீழே இன்னொரு குடும்பப் பெயரும் இருப்பதாக மாப்பிள்ளை படித்துச் சொன்னார். சம்பந்தியம்மாளைக் கேட்டால், "லீ என்பது காகிதப் பெயர்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். ஏப்ரலில் குடும்பம் கல்லறையில் கூடும்போது என்னையும் நான்கு வார்த்தை பேசச் சொல்கிறார்கள். ஐந்து வருடம் ஒரே சமையலறையில் நின்றிருந்தும் எனக்குத் தெரிந்தது கொஞ்சமே. 1948இல் தென் சீனாவிலுள்ள தொய்சானிலிருந்து கணவரோடு வந்தார், தையல் கூடத்தில் வேலை பார்த்தார். என் ரவிக்கையில் நூல் தொங்கினால் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். ஊரைப் பற்றிக் கேட்டால், "எங்கள் வீட்டுக்கு எத்தனை படி என்று மட்டும் இன்னும் மறக்கவில்லை" என்று சிரிப்பார். நான் என்ன பேசுவது?
– ஒரு வாசகி, டேலி சிட்டி, கலிபோர்னியா

பதில்: அந்தப் படியிலிருந்தே தொடங்கலாம் அம்மா, உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை அதில்தான் இருக்கிறது.

1882இல் அமெரிக்கா இயற்றிய சீனர் விலக்குச் சட்டம், சீனத் தொழிலாளர்கள் அந்நாட்டுக்குள் வருவதைத் தடுத்தது. வணிகர் முதலிய சிலருக்கும், அமெரிக்க மண்ணில் பிறந்து குடிமக்களான சீனர்களுக்கும், அவர்களுடைய பிள்ளைகளுக்கும் மட்டும் கதவு ஒருக்களித்திருந்தது. 1906 ஏப்ரலில் பூகம்பமும் அதைத் தொடர்ந்த தீயும் சான் பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவேடுகளை அழித்துவிட, "நானும் இங்கே பிறந்தவன்தான்" என்று பலர் சொல்லிக்கொள்ள வழி கிடைத்தது. அப்படிக் குடியுரிமை பெற்ற ஒருவர், ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஒரு மகன் பிறந்திருப்பதாக அதிகாரிகளிடம் பதிந்துவைப்பார். பிறக்காத அந்த மகனின் இடத்தை வேறொரு குடும்பம் தன் பையனுக்காக விலை கொடுத்து வாங்கும். பையனின் வயதில் ஆண்டுக்கு 100 டாலர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விலை. இப்படி வந்தவர்களைத்தான் காகித மகன்கள் என்றார்கள். உங்கள் மாப்பிள்ளையின் தாத்தா வோங் வீட்டில் பிறந்து, லீ என்பவரின் மகனாகக் கப்பலேறியவர்.

அதிகாரிகளுக்கும் இது தெரியாமலில்லை. 1910 முதல் 1940 வரை, வந்தவர்களை சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலுள்ள ஏஞ்சல் தீவின் குடியேற்ற நிலையத்தில் நாள்கணக்கிலும் மாதக்கணக்கிலும் அடைத்துவைத்து விசாரித்தார்கள். வீட்டு வாசல் எந்தத் திசையைப் பார்த்தது, வாசலுக்கு எத்தனை படி, அரிசிப் பானை எந்த மூலையில் இருந்தது, உங்கள் வரிசையில் மூன்றாம் வீட்டில் யார் குடியிருந்தார்கள் என்றெல்லாம் கேட்டு, தந்தை சொன்ன பதிலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒரு படி கூடினாலும் குறைந்தாலும் சந்தேகம் வந்துவிடும். இதற்காகவே எழுதப்பட்ட வினா விடைக் குறிப்புகளை வழியெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டுக் கரை சேருமுன் கடலில் எறிந்துவிடுவது வழக்கம். காகித மகனை மணந்த பெண்ணும் இதிலிருந்து தப்ப முடியாது. தான் வாழ்ந்த புகுந்த வீட்டோடு, காகிதத்தில் மட்டும் இருந்த இன்னொரு புகுந்த வீட்டையும் அவள் நெட்டுருப் போட வேண்டும். உங்கள் சம்பந்தியின் தாயார் சிரித்துக்கொண்டே சொன்ன படிக்கணக்கு அந்த இரண்டு வீடுகளில் எதனுடையதோ!

அவர் வந்த ஆண்டையும் கவனியுங்கள். 1875ஆம் ஆண்டின் பேஜ் சட்டம் முதற்கொண்டே சீனப் பெண்கள் அமெரிக்கா வருவது மிகக் கடினமாக இருந்தது. 1890 கணக்கெடுப்பில் அங்கே ஒரு சீனப் பெண்ணுக்கு ஏறக்குறைய 27 சீன ஆண்கள் இருந்தார்கள். அமெரிக்காவைத் தங்கமலை என்றே அழைத்த தொய்சான் மக்களிடையே, கணவனைத் தங்கமலைக்கு அனுப்பிவிட்டு அவன் அனுப்பும் பணத்தையும் கடிதத்தையும் பார்த்தே தலை நரைத்த மனைவியர் ஊருக்கு ஊர் இருந்தார்கள். 1943இல் விலக்குச் சட்டம் நீங்கியபோதும் ஆண்டுக்கு 105 பேர் என்ற வரம்புதான் வந்தது. குடிமக்களின் சீன மனைவியர் அந்த வரம்புக்கு வெளியே வரலாம் என்று 1946இல் சட்டம் மாறிய பிறகே பெண்கள் பெருமளவில் கப்பலேறினார்கள். வந்தவர்களையும் உடனே கணவனோடு அனுப்பிவிடவில்லை. தீவிலிருந்த நிலையம் 1940இல் தீப்பிடித்துவிட்டதால், சான் பிரான்சிஸ்கோ நகரின் சான்சம் தெருவிலிருந்த அரசாங்கக் கட்டடத்தில் காவலில் வைத்தே விசாரித்தார்கள். 1948இல் அங்கே மூன்று மாதம் அடைபட்டுக் கிடந்த ஒரு பெண் தூக்கிட்டுக்கொண்டார். உடனிருந்த பெண்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அதே ஆண்டில் வந்து இறங்கியவர், படியை எண்ணாமல் வேறு எதை எண்ணுவார்?

அவர் அதிகம் பேசாததை மறதி என்றோ, கூச்சம் என்றோ நான் கொள்ள மாட்டேன். 1956இல் அமெரிக்க அரசு உண்மைப் பெயரை ஒப்புக்கொள்ளும் திட்டமொன்றைத் தொடங்கியது. 13,000க்கும் மேற்பட்டோர் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஒருவர் வாய் திறந்தால் அதே காகிதக் குடும்பத்தைச் சேர்ந்த அனைவரும் மாட்டிக்கொள்வார்கள் என்பதால், வாயைக் கட்டிக்கொண்டே காலத்தை ஓட்டியவர்களும் ஏராளம். "வெளியில் யார் கேட்டாலும் லீ என்று சொல்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த வீடுகள் அவை. அப்படி வளர்ந்த உங்கள் சம்பந்தியம்மாள் ஒரே வரியில் நிறுத்திக்கொண்டதில் வியப்பில்லை. அந்த ஒரு வரியைச் சொன்னதே உங்கள் மேல் உள்ள நம்பிக்கையால்தான்.

மூன்றாவது பெயர், அவரைப் பெற்ற தகப்பனாரின் குடும்பப் பெயர். சீனப் பெண்கள் மணமான பிறகும் பிறந்த வீட்டுப் பெயரை விடுவதில்லை; கல்லில் கணவரின் குடும்பப் பெயரை அடுத்து அதையும் வெட்டுவார்கள். உயிரோடிருந்தவரை அரசாங்கத்துக்குக் காட்ட முடியாத பெயரைக் கல்லிலாவது காட்டிவிட வேண்டும் என்று சீன எழுத்தில் உண்மையைப் பொறித்த குடும்பங்கள் கொல்மாவில் நிறைய உண்டு. மாப்பிள்ளையை இன்னொரு முறை படிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கற்களைப் போல ஓரத்தில் சொந்த ஊரின் பெயரும் இருக்கக்கூடும்.

மிட்டாய், துக்கத்தின் கசப்பு வாயில் தங்காமலிருக்க. அதை அங்கேயே தின்றுவிட வேண்டும், நாணயத்தை வீடு போய்ச் சேருமுன் செலவழித்துவிட வேண்டும். பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறீர்களானால் பரவாயில்லை, விருந்தாளிக்கு விலக்கு உண்டு.

இனி, நீங்கள் பேச வேண்டியது. ஏப்ரல் 4 அல்லது 5ஆம் தேதி வரும் சிங் மிங் நாளில் கல்லறையைத் துப்புரவு செய்து, கோழியும் ஆரஞ்சுப் பழமும் மதுவும் படைத்து, பிறகு எல்லோருமாக உண்பார்கள். நம் படையலைப் போலத்தான். அங்கே அவரைத் தியாகத்தின் திருவுருவம் என்று புகழாதீர்கள். எந்தத் தாய்க்கும் பொருந்தும் அந்தச் சொல்லில் அவர் இருக்க மாட்டார். மாப்பிள்ளை அழைப்பதுபோல் 'போபோ' என்றே சொல்லுங்கள். அம்மாவைப் பெற்றவளுக்கு மட்டும் உரிய சொல் அது, நம் அம்மாச்சியைப் போல. ரவிக்கை நூலைப் பற்றிப் பேசுங்கள். சைனாடவுன் தையல் கூடங்களில் உருப்படிக் கணக்கில்தான் கூலி. நூல் முனை தொங்கினால் துணி திரும்பி வந்துவிடும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும் தாயின் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நூல் நறுக்குவார்கள். நீங்கள் அதைச் சொன்னால், சம்பந்தியம்மாள் தாமே மிச்சத்தைத் தொடங்கக்கூடும்.

குடும்பத்துக்கு விருப்பமிருந்தால் இன்னொன்றும் செய்யலாம். உங்கள் ஊருக்குத் தெற்கே சான் புரூனோவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் விலக்குச் சட்டக் காலத்து விசாரணைக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. தாத்தாவின் கோப்பு கிடைத்தால் புகைப்படம், கேள்வி பதில், சில சமயம் கையால் வரைந்த ஊர் வரைபடம்கூட அதில் இருக்கும். வோங் என்று தேடச் சொல்லாதீர்கள். அங்கே அவர் லீதான்.