பாராக்குவாட்டும் எலிகளும்: ஒரு கடிதம்

ஐயா, வணக்கம்.

இரசாயனங்களின் நச்சுத்தன்மையை அறிய விலங்குகளைப் பயன்படுத்துவதைக் குறைக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். என் அம்மா எங்கள் ஊரை அடுத்த ஒரு தோட்டத்தில் பல ஆண்டுகள் பாராக்குவாட் என்ற களைக்கொல்லியை அடித்தவர். நகம் கறுத்து உதிரும். மூக்கில் இரத்தம் வரும். சூடு என்று சொல்லி விட்டுவிடுவார்கள். அந்த மருந்தை இன்னும் நூறு எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தால் எங்கள் பெண்கள் தப்பியிருக்க மாட்டார்களா? எலிக்கு இரங்கி மனிதரைப் பலியிடலாமா?

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் பாராக்குவாட் எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்ட பிறகுதான் தோட்டங்களுக்கு வந்தது. அந்தச் சோதனை எதைச் சொன்னது, எதைச் சொல்லவில்லை என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

சோதிக்கப்படும் விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவை எல்டி50 என்பார்கள். 1927இல் பிரிட்டனில் டிரெவன் என்ற ஆய்வாளர் இதை வகுத்தபோது, இதய மருந்தான டிஜிட்டாலிஸ், இன்சுலின் போன்று தயாரிப்புக்குத் தயாரிப்பு வீரியம் மாறும் மருந்துகளை அளவிடுவதே நோக்கமாக இருந்தது. பிறகு அதே எண் பூச்சிமருந்துக்கும் களைக்கொல்லிக்கும் பொது அளவுகோலாகிவிட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடும் பெரும்பாலும் எலியின் எல்டி50ஐயே அடிப்படையாகக் கொண்டிருப்பதால், பாராக்குவாட் ‘மிதமான அபாயம்’ கொண்ட இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்தது. ஆனால் எலியைக் கொல்லத் தேவைப்படும் அளவில் ஒரு பகுதியே கினிப்பன்றியைக் கொன்றுவிடும் என்பது ஆய்வாளர்கள் அறிந்த செய்தி; மனிதரும் இந்த நஞ்சைத் தாங்குவதில் எலியைவிடப் பலவீனமானவர்களே. உடலுக்குள் போன பாராக்குவாட்டை நுரையீரல் செல்கள் இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. அங்கே அது ஆக்சிஜனோடு மீண்டும் மீண்டும் வினைபுரிந்து திசுவை அரித்துத் தழும்பாக்குவதால், மரணம் பல நாள் கழித்தும் வரலாம். இன்னும் நூறு எலிகளைக் கொன்றிருந்தால் அந்த எண்ணின் தசமப் புள்ளி துல்லியமாகியிருக்கும், அவ்வளவுதான்.

உங்கள் அம்மாவுக்குத் தேவைப்பட்டது வேறொரு கேள்விக்கான விடை: வியர்வையில் ஊறி, முள் கீறிய கையில் ஒழுகும் கரைசல் எவ்வளவு உள்ளே போகும்? காயமற்ற மனிதத் தோல் பாராக்குவாட்டை மிகக் குறைவாகவே உள்ளே விடும். கீறலும் புண்ணும் இருந்தால் கதை மாறிவிடும். இதை அளக்க எலி வேண்டியதில்லை. அறுவைச் சிகிச்சையில் நீக்கப்பட்ட மனிதத் தோலை ஒரு கலத்தில் பொருத்தி, மறுபக்கம் கசிவதை அளக்கும் முறைக்கு 2004இலேயே, பல நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடியின் வழிகாட்டி வந்துவிட்டது. ஆய்வகத்தில் வளர்த்த மனித மேல்தோலில் எரிச்சலைச் சோதிக்கும் முறை 2010இல் ஏற்கப்பட்டது.

வாய்வழி நஞ்சுக்கான பழைய எல்டி50 வழிகாட்டியை ஓஇசிடி 2002இல் நீக்கியது. ஒரு பொருளுக்கு டஜன் கணக்கில் விலங்குகள் செத்த இடத்தில், இன்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்து, விடை தெரிந்தவுடன் நிறுத்தும் முறை உண்டு. சாவு வரை போகாமல் நஞ்சின் அறிகுறி கண்டவுடன் நிறுத்தும் முறையும் உண்டு. ஒரு நாட்டில் முறையாகச் செய்த சோதனையை மற்ற நாடுகளும் ஏற்கும் ஓஇசிடி ஏற்பாட்டில் மலேசியா 2013இல் சேர்ந்தது; அதே சோதனைக்காக இங்கே மறுபடியும் எலிகளைக் கொல்லும் தேவை அதனால் குறைகிறது. ஆயினும் நீண்ட காலப் பாதிப்புக்கும் கருவைத் தாக்கும் நஞ்சுக்கும் முழு மாற்று இன்னும் கிடைக்கவில்லை. அங்கே விலங்குச் சோதனையை இன்றே நிறுத்து என்று நான் சொல்லமாட்டேன்.

மலேசியா 2002இல் பாராக்குவாட்டைத் தடைசெய்ய முடிவெடுத்து, 2006இல் தளர்த்தி, 2020 ஜனவரி 1 முதல்தான் முற்றாக நிறுத்தியது. இடைப்பட்ட ஆண்டுகளில் உதிர்ந்த நகங்களும் வடிந்த இரத்தமும் மருத்துவப் பதிவுகளாகியிருந்தால், எந்த எலிக்கூண்டும் தராத சான்றாக அவை இருந்திருக்கும். அபாயகரமான இரசாயனங்களைப் பற்றிய 2000ஆம் ஆண்டு வேலையிட விதிகள், ஆபத்தை மதிப்பிடும் பொறுப்பையும், தேவைப்படும் இடத்தில் தொழிலாளரின் உடல்நிலையை மருத்துவரைக் கொண்டு கண்காணிக்கும் பொறுப்பையும் முதலாளியிடமே வைத்திருக்கின்றன. இன்று செம்பனை வரிசைகளில் மருந்தடிக்கும் பெண்கள் உங்கள் ஊரில் இருந்தால், அவர்களுக்கு அந்த மதிப்பீடு செய்யப்பட்டிருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.